அப்பாயியின் நிறத்தை யாரிடம் கேட்டீர்கள்?

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா டவுன்களில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிமாருக்கும், கொமியுனிகேஷன் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமாருக்கும்,



"இதக் கொஞ்சம் கலராக்கிக் குடுங்க தம்பி" என்று சொல்லி, சொப்பிங் பையில் சுற்றிய ஒரு சின்னப் படத்தை மேசைமேல் வைப்பவர்கள் இப்போது உங்களிடம் அடிக்கடி வருகிறார்கள். கருமாதிக்குப் பேனர் அடிக்க வேண்டும், புது வீடு குடிபோகும்போது சுவரில் மாட்ட வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். நீங்கள் படத்தைப் போனில் எடுத்து ஒரு ஆப்பில் போடுகிறீர்கள். அரை நிமிடத்தில் அப்பாயிக்கு நிறம் வந்துவிடுகிறது. லேமினேட் செய்து கொடுத்தால் வந்தவர் அங்கேயே நின்று அழுகிறார். அந்த அழுகையை நான் குறைவாக நினைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக்கு நிறம் போடுவது பாவம் என்று வாதாடவும் வரவில்லை.

எனக்கு இருக்கிற கவலை வேறு. கொழும்பில் ஒரு வசதியான குடும்பத்தில் ஒரு பாட்டிக்கு நாற்பது படம் இருக்கும். ஒன்றில் நிறம் தப்பினால் மற்ற முப்பத்தொன்பதும் சாட்சி சொல்லும். நம் லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான். அந்த ஒன்றையும் மாற்றிவிட்டு மூலத்தை எங்கேயோ போட்டுவிட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு ஆப்பின் ஊகம்.

ஏன் ஒரே படம்? கெமரா மலைக்குப் பிந்தி வரவில்லை, முந்தியே வந்தது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படுகிற பெண். இங்கிலாந்தில் இருந்தபோது கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் கிளென்கேர்ன் தோட்டத்தில் கண்மூடினார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகிற நம்மில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம் என்பது வேறு கதை.

அவர் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் வருகிறார்கள். சிறுமிக்கு வயது 12, கிழவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார், தன் வயது 100 என்கிறார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் எழுதவில்லை. டெனிசன் டெனிசனாகவும் டார்வின் டார்வினாகவும் நிற்கிறார்கள். இவர்கள் களுத்துறைக் குடியானவர்கள், அவ்வளவுதான்.

பிறகு 1890இல் கொழும்பில் பிளாட்டே கம்பனி வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் எடுத்துத் தபாலட்டையாக விற்ற காலம் அது. வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். அவற்றில் நிறம் போட்டவையும் உண்டு. ஆகவே நம் ஆட்களுக்கு நிறம் போடுகிற முதல் ஆட்கள் நீங்கள் அல்ல, தம்பிமாரே. உங்களுக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்து நம் பாட்டிகளுக்குச் சேலை நிறம் முடிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்து நிறத் தபாலட்டைகள் பல ஐரோப்பாவில் அச்சானவை. நிறம் தீர்மானித்தவர் ஒரு கொழுந்துக் கூடையைக் கண்ணால் கண்டவராகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவும் காரணமில்லை. அழகாக இருந்தால் அட்டை விற்கும்.

நம் வீட்டுச் சுவருக்குப் படம் வந்தது கடுதாசியின் வழியாக. 1948இல் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பிறகு விண்ணப்பம், விசாரணை, மறுபடி விண்ணப்பம். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த மீதியையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்து முடித்தார்கள். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். 1972இலிருந்து அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். தோட்டத்தை விட்டு இறங்கி ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் கைக்கு வருகிற படத்தில் அப்பாயி ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? அது சிரிப்பதற்காக எடுத்த படமில்லை. இருப்பதா, கப்பல் ஏறுவதா என்று தீர்மானமாகிற பத்திரத்தில் ஒட்ட எடுத்த படம். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலைப் பெரியவர்கள் அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். அந்தக் கோச்சியில் ஏறுமுன் எடுத்த முகம் அது.

அதனால்தான் அந்தப் படத்தின் மூலையில் பாதி வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். சிலதில் அழுத்து முத்திரையின் மேடு இருக்கும். ஸ்டேப்ளர் துருவின் இரண்டு புள்ளி இருக்கும். உங்களுக்கு அது கறை. கிளோன் ஸ்டாம்ப்பை எடுத்து நாலு தடவை தேய்த்தால் போய்விடும். தயவுசெய்து ஒரு பிரதியிலாவது அதை விட்டுவையுங்கள். ஒரு மனுஷி எந்தக் கதவின் முன்னால் நின்றாள் என்பதற்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே அத்தாட்சி சிலவேளை அந்த அரைவட்டம்தான். பத்திரம் தொலைந்திருக்கும், கறையான் தின்றிருக்கும். முத்திரை விழுந்த படம் மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் தப்பியிருக்கும்.

இனி அந்த ஆப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விசயம், ஆனாலும் சொல்கிறேன். படத்தில் இருப்பது வெளிச்சம் எவ்வளவு என்ற கணக்கு மட்டும். நிறம் அதில் இல்லை. சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பலாக விழலாம். ஜேசன் அன்டிக் என்பவர் 2018இல் வெளியிட்ட டிஓல்டிஃபை போன்ற கருவிகள், இணையத்தில் திரட்டிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்துப் பழகியவை. இந்த மாதிரிச் சாம்பலுக்கு வழக்கமாக என்ன நிறம் வரும் என்று அவை கணக்குப் போடுகின்றன. நிச்சயமில்லாத இடத்தில் சராசரிக்குப் போகும். சராசரி என்றால் மங்கிய பழுப்பு, கொஞ்சம் நீலம். நம் பாட்டிமார் எல்லாரும் ஒரே மாதிரி மண் நிறச் சேலையும் மங்கல் நீல ரவிக்கையும் கட்டியிருப்பதற்குக் காரணம் அவர்கள் ரசனை அல்ல.

பழைய படங்களில் சிக்கல் இன்னும் ஆழம். கேமரன் காலத்துக் கண்ணாடித் தட்டுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறையத் தெரியாது. ஆகவே நீல வானம் வெள்ளையாக விழும். குங்குமப் பொட்டு கறுப்பாக விழும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருக்கிறதே, அது வெளிச்சத்துக்குப் பதில் இருட்டாக விழும். பழுப்புத் தோல் இருந்ததைவிடக் கறுத்து விழும். நூறு, நூற்றைம்பது வருடப் படத்தைப் பார்த்து "நம்ம ஆளுங்க எவ்வளவு கருப்பு" என்று சொல்கிறவருக்குத் தெரியாது, அதில் பாதி தட்டின் குருட்டுத்தனம் என்று. இந்தச் சாம்பலை அப்படியே நம்பி ஒரு ஆப் நிறம் போட்டால் தப்பின்மேல் தப்பு ஏறும்.

முகத்தைத் தெளிவாக்குகிற கருவிகளைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். மங்கலான படத்தைப் போட்டால் கண்ணிமை முடிவரை கூர்மையாக்கித் தருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இந்த வகையில் பேர்பெற்ற ஜிஎஃப்பிகான் என்ற கருவி, ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்களைப் பார்த்துப் படித்தது. அந்த முகங்கள் இந்தக் காலத்து முகங்கள், நல்ல கெமராவில் விழுந்த முகங்கள். அந்தக் கூட்டத்தில் தண்டட்டி போட்டுக் காது வடித்த ஒரு கிழவியைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. ஆகவே நீண்டு தொங்கும் காது மடலைக் கண்டதும் அது சேதம் என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கிறது. துவாரத்தை மூடுகிறது, மடலைச் சுருக்குகிறது. குத்திய பச்சையைக் கீறல் என்று துடைக்கிறது. கன்னத்து அம்மைத் தழும்பைப் புள்ளி என்று எடுத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் குத்திய மூக்குத்தியில் ஒன்று காணாமல் போகிறது. கடைசியில் அழகான ஒரு பாட்டி வருகிறாள். அவள் யாருக்கும் அப்பாயி இல்லை.

தண்டட்டியும் பச்சையும் அலங்காரம் மட்டுமில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்று ஒரு தடயமும் இல்லாதவர்களுக்கு, காது வடித்த விதமும் பச்சை குத்திய கோலமும் சேலைக் கட்டும் சொல்லக்கூடியது கொஞ்சநஞ்சமல்ல. கொசுவத்தை முன்னால் வைத்த பெண்ணையும் பின்கொசுவம் வைத்த பெண்ணையும் ஆப்புக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

தோட்டத்துப் படம் என்றால் இன்னும் வேடிக்கை. இடுப்பில் கட்டிய படங்கு நீலப் பாவாடையாகிவிட்டதை ஒரு பேனரில் பார்த்தேன். தலையில் போட்ட கறுப்புக் கம்பளி ஊதா முக்காடு ஆகிவிட்டது. மலை முழுவதும் கிரிக்கட் மைதானப் பச்சை. முற்றின இலையின் கரும்பச்சை வேறு, கொழுந்தின் மஞ்சள் கலந்த இளம்பச்சை வேறு என்று ஒரு பிள்ளைக்கும் தெரியும். கவ்வாத்து வெட்டி வெறும் குச்சியாய் நிற்கிற மலையையும் அது தளிர்க்க வைத்துவிடுகிறது. கம்பனிக்காரன் பார்த்தால் சந்தோஷப்படுவான்.

2021 ஏப்ரலில் வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்போடியாவில் துவோல் ஸ்லெங் என்ற சிறையில், கொல்லப்படுமுன் கைதிகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் அவற்றுக்கு நிறம் போட்டார். வைஸ் என்ற ஊடகம் அவற்றை வெளியிட்டது. பார்த்தவர்கள் மூலப் படங்களோடு ஒப்பிட்டார்கள். சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடிய அரசும் உறவினர்களும் கொதித்தார்கள். வைஸ் படங்களை நீக்கிவிட்டது. நம் கதை அந்த அளவு கொடூரமில்லைதான். ஆனாலும் பாஸ்போட் படத்தில் இருக்கிற அப்பாயியை அசைத்துச் சிரிக்கவைக்கும் ஆப் இன்றைக்கு எல்லார் போனிலும் இருக்கிறது. "பாட்டி சிரிக்கிற மாதிரி செஞ்சு தாங்க" என்று ஒருவர் கேட்டால் செய்வதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

நிறம் போடுவதை ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். முதலாம் உலகப் போர்க் காட்சிகளுக்கு பீட்டர் ஜாக்சன் நிறம் கொடுத்து 2018இல் ஒரு படம் வெளியிட்டார். அந்தக் காலத்து உண்மையான சீருடைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். போர் நடந்த இடங்களுக்கே போய்ப் புல்லையும் மண்ணையும் படம் எடுத்து வந்தார்கள். ஒரு சிப்பாயின் பொத்தானுக்கு அவ்வளவு. நம் ஆட்களுக்கு அரை நிமிடம்.

நீங்கள் உலகப் பெரிய டைரக்டர் இல்லை, உங்களிடம் அவ்வளவு காசும் இல்லை, தெரியும். ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. படத்தைக் கொண்டு வருகிற ஆள் உங்கள் முன்னாலேயே நிற்கிறார். அவரை உட்காரவைத்து ஒரு பிளேன்டீ கொடுத்துக் கேளுங்கள். "கலர் என்ன?" என்று கேட்டால் ஞாபகமில்லை என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்கக் கூடாது. "இந்தச் சேலைய எப்ப எடுத்தாங்க?" என்று கேளுங்கள். "அது தீவாளி அட்வான்சுல எடுத்தது, அரக்குல மஞ்சக் கரை, அந்த ஒண்ணுதான் அவங்ககிட்ட நல்ல சேலை, அதையே அக்கா கல்யாணத்துக்கும் கட்டுனாங்க" என்று வரும். "இது அவங்களதா, இரவலா?" என்று கேளுங்கள். பக்கத்துக் காம்பிராவில் வாங்கிக் கட்டிப் போனதென்றால் அதுவும் ஒரு கதை. கேட்டதைப் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். பெயர், தோட்டம், டிவிசன், யார் சொன்னது. பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும்.

யாருக்குமே தெரியாவிட்டால்? அந்தப் பகுதியைச் சாம்பலாகவே விடலாம். முகத்துக்கும் கைக்கும் மட்டும் மெல்ல நிறம் கொடுத்து, சேலையைத் தொடாமல் விட்ட ஒரு படம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இனி, படத்தில் கோட் ஒட்டுகிற விசயம். தாத்தாவின் தலையை மட்டும் வெட்டி, கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் சிவப்பு டையும் ஒட்டிக் கொடுக்கிறீர்கள். கேட்கிறார்கள், கொடுக்கிறீர்கள். கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று தலைமுறை பிரட்டுக்களத்தில் நின்று துரை போட்ட கோட்டைப் பார்த்த குடும்பம், தன் தகப்பனுக்கு ஒன்று போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களிலும் கோட் தொங்கிக்கொண்டுதானே இருந்தது. அளவு பொருந்தாத கோட்டைப் போட்டு, கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டி, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைத்து நின்றார்கள். ஆனால் அந்தக் கோட் இரவலாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டது அவர். அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அவர். நீங்கள் ஒட்டுகிற கோட்டில் அவர் முடிவு எதுவுமில்லை. வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து நின்றவருக்கு டை கட்டும்போது அவர் எடுத்த முடிவொன்றை அழிக்கிறீர்கள். கோட் கேட்டால் கோட் போட்டுக் கொடுங்கள், ஆனால் வேட்டியோடு இருக்கிற தாத்தாவையும் அதே அளவில் ஒரு பிரதி போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். எதை மாட்டுவது என்று வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

"கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்பதற்கு மட்டும் என்னால் இவ்வளவு இளக முடியாது. வெயிலிலும் பனியிலும் மலை ஏறிய தோலை எவன் வெள்ளையாக்கச் சொன்னாலும் ஒரு தடவை "ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கும் கஷ்டமாக இருக்கும். கேட்காமலே நீங்களாக வெளிறச் செய்வது இன்னும் மோசம். அதைப் பல கடைகளில் பழக்கமாகவே செய்கிறீர்கள். வெளுப்பாக்கும் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளுகிற விரல் யாருடைய ஆசைக்குத் தள்ளுகிறது என்று அந்த நேரத்தில் பாருங்கள்.

வேலை முறையில் சிலது. போனில் எடுக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படம் என்றால் 600 டிபிஐக்குக் குறையாமல், முன்பக்கமும் பின்பக்கமும். டிஃப் கோப்பாக வையுங்கள், ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் ஜேபெக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நம் மலையில் ஈரம் அதிகம். நுவரெலியாவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், அது கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே வைத்து ஸ்கேன் செய்யலாம். லயத்து அடுப்புப் புகை படிந்ததை ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம், மெல்லிய காய்ந்த தூரிகை போதும். மூலத்தை லேமினேட் செய்வதை அறவே விடுங்கள். அதைச் செய்தபின் திரும்ப எடுக்க வழியில்லை. அந்தக் காலத்தில் கப்பல் ஏறிய சொந்தம் கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வந்து சேர்வது படத்தின் எலும்புதான்.

நிறம் போட்ட பிரதியின் கீழே சின்ன எழுத்தில் "நிறம் பின்னர் இடப்பட்டது" என்று போடுங்கள், ஆண்டையும் சேர்த்து. நம் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருடம் என்று 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நாட்களில் எத்தனையோ பழைய படங்கள் புது நிறத்தில் போனுக்குப் போன் தாவின. எது மூலம், எது ஊகம் என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. பத்து வருடத்தில் ஒரு பாடப்புத்தகம் அதையே எடுத்துப் போடும். பிளாட்டே தபாலட்டையை நம்பியவர்களைப் போல இதையும் நம்புவார்கள்.

"முன்–பின்" என்று விளம்பரத்துக்குப் பேஸ்புக்கில் போடுமுன் வீட்டாரிடம் கேளுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றிலேயே, 2007இலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டார் சம்மதித்தால் நிறம் போடாத ஸ்கேனின் ஒரு பிரதியை அங்கே கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். உங்கள் கடை ஹார்ட் டிஸ்க்கை நம்பி இருக்க வேண்டாம்.

காசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாத்தியார் சும்மா பேசுகிறார் என்பீர்கள். உட்காரவைத்துக் கேட்பதற்கும் பின்பக்கத்தில் எழுதுவதற்கும் நேரம் போகும். அதற்குத் தனியாகக் காசு வாங்குங்கள். பில்லில் தனி வரியாகவே போடுங்கள்: ஸ்கேன் இவ்வளவு, நிறம் இவ்வளவு, விசாரித்து எழுதியது இவ்வளவு. கொடுக்கத் தயங்குகிறவர் இருப்பார். கோட்டுக்கு மட்டும் அதைவிடக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
டிக்கோயாவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்